இன்சுலின் பம்ப் எப்போது வரும்? யாழ்ப்பாணத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு முதலாம் வகை நீரிழிவு, அதாவது உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை. 1993இல், பத்து வயதில் தொடங்கியது. கிளினிக்கில் இலக்கத்துக்காகக் காத்திருக்கும்போது, பிள்ளைக்குச் சீனி வருத்தம் என்று அண்மையில் தெரிந்துகொண்ட அம்மாமார் பக்கத்தில் வந்து இருந்து கதைப்பார்கள். "அக்கா, கனடாவில தானாகவே இன்சுலின் குடுக்கிற மிஷின் இருக்காம். எங்கட பிள்ளையளுக்கு எப்ப வரும்?" நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணாவின் மகளுக்கும் இதே வருத்தம். அவள் பம்ப் போட்டிருக்கிறாள். அவளிடம் பார்த்ததையும் நானாகத் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் மருந்தின் அளவை மட்டும் உங்கள் டொக்டருடன் கதைத்தே முடிவுசெய்யுங்கள்.

பம்ப் என்றால் என்ன? ஊசியை விட அதில் என்ன கூடுதல்?

தீப்பெட்டி அளவோ, அதைவிடக் கொஞ்சம் பெரிதோ ஒரு கருவி. உள்ளே இன்சுலின் நிரப்பிய சிறிய குப்பி. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, தோலுக்குக் கீழே வைத்த நுனியில் சேரும். குழாயே இல்லாமல் நேரே தோலில் ஒட்டும் வகையும் உண்டு. கருவி நாள் முழுக்கத் துளித்துளியாக இன்சுலின் கொடுத்துக்கொண்டிருக்கும். சாப்பிடும்போது எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று சொன்னால், அதற்கானதைச் சேர்த்துக் கொடுக்கும்.

ஒரு நாளைக்கு 40 யூனிற் இன்சுலின் தேவைப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழப் பாதி, அதாவது 20 யூனிற், சாப்பாட்டுக்கு அல்ல. உடம்பு சும்மா இருப்பதற்கே தேவை. 24 மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 0.8 யூனிற் அளவில் வரும். ஊசியில் அப்படிப் பிரித்துப் போட முடியாது. பம்ப் 0.05 யூனிற் வரைக்கும் அளந்து கொடுக்கும். விடியப்புறத்தில் சீனி ஏறுபவருக்கு அந்த நேரத்தில் கூட்டலாம், பின்னேரம் விளையாடும் பிள்ளைக்குக் குறைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அரை யூனிற்றே பெரிய வித்தியாசம் செய்யும் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

அது தானாகவே சீனியைப் பார்த்து, தானாகவே இன்சுலின் கொடுக்குமா?

பாதி ஓம், பாதி இல்லை.

தோலில் ஒட்டும் சென்சர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சீனியை அளந்து பம்புக்குச் சொல்லும். சீனி இறங்கப்போகிறது என்று கணித்தால் பம்ப் இன்சுலினைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். ஏறப்போகிறது என்றால் கூட்டும். இப்படி இயங்கும் முதலாவது கருவிக்கு, மெட்ரோனிக் 670ஜி என்பதற்கு, 2016 செப்டெம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு ரான்டெம் நிறுவனத்தின் கன்ட்ரோல் ஐகியூ, ஒட்டும் வகையான ஒம்னிபொட் 5, சாப்பாட்டைக் "குறைவு, வழமை, கூட" என்று மட்டும் சொன்னால் போதுமான ஐலெட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

ஆனால் சாப்பாட்டை நாங்கள்தான் சொல்லவேண்டும். காரணம் எளிது. தோலுக்குக் கீழே போகும் வேகமான இன்சுலினும் வேலையைத் தொடங்கக் கால் மணித்தியாலம் எடுக்கும். உச்சத்துக்கு வர ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் ஆகும். சோறோ பாணோ அதற்கு முன்னமே இரத்தத்தில் சேர்ந்துவிடும். சென்சர் அளப்பதும் இரத்தத்தை அல்ல, தோலுக்குக் கீழே உள்ள திரவத்தை. அதனால் அதுவும் சில நிமிடம் பிந்தியே சொல்லும். ஏறிய பிறகு துரத்தினால் பிடிக்க முடியாது.

இரவில்தான் இந்தக் கருவியின் அருமை. சாப்பாடு இல்லை, ஓட்டம் இல்லை, அது அமைதியாகத் தன் வேலையைப் பார்க்கும். எனக்கு வருத்தம் தொடங்கிய காலத்தில் வீட்டில் சீனி பார்க்கும் மீற்றர் இல்லை. அம்மா இரண்டு மணிக்கு எழும்பி, வேர்த்திருக்கிறேனா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். வேர்த்திருந்தால் சீனித்தண்ணி பருக்குவார். எத்தனை வருடம் அவர் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. பம்ப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: தாய்மார் நித்திரை கொள்வதற்கு.

இனி வரப்போகும் பம்புகள் எப்படி இருக்கும்?

1963இல் லொஸ் ஏஞ்சலிஸில் ஆர்னல்ட் கடிஷ் என்ற டொக்டர் செய்த முதலாவது பம்பை முதுகில் பை மாதிரிச் சுமக்கவேண்டி இருந்தது. இன்றைக்கு ரான்டெம் மோபி உள்ளங்கைக்குள் மறையும். சிறிதாவது தொடரும், அதைப் பற்றி எனக்குப் பெரிய ஆவல் இல்லை. ஆவலோடு பார்த்திருப்பவை வேறு.

முதலாவது, சாப்பாட்டைச் சொல்லவே தேவையில்லாத முறை. அதற்கு இன்னும் வேகமான இன்சுலினும் கெட்டிக்காரக் கணிப்பு நிரலும் வேண்டும். இரண்டிலும் வேலை நடக்கிறது. இரண்டாவது, இன்சுலினோடு குளுக்ககோனும் வைத்திருக்கும் இரட்டைப் பம்ப். சீனி இறங்கினால் இன்சுலினை நிறுத்துவதோடு நில்லாமல், குளுக்ககோனைக் கொடுத்து ஏற்றும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் எங்களுக்கு ஒரு மருந்தையே ஒழுங்காக எடுப்பது பாடாக இருக்கும்போது இரண்டு மருந்துக்கு எங்கே போவது?

மூன்றாவதும் நான்காவதும்தான் யாழ்ப்பாணத்துக்குப் பெரிய செய்தி. வழமையான குழாய் செட்டை இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றவேண்டும். ஏழு நாள் வைத்திருக்கக்கூடிய செட் ஏற்கெனவே சில நாடுகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. மூன்று நாள் ஏழு நாளானால் தேவைப்படும் செட்டின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போகும். அடுத்தது, சீனியோடு கீற்றோனையும் (இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலத்தை) சேர்த்து அளக்கும் சென்சர். அபொட் நிறுவனம் அதைச் செய்துகொண்டிருக்கிறது. பம்ப் அடைபட்டதைக் கீற்றோன்தான் வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கும். அவசரத்துக்கு வாகனம் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவே ஒன்றரை மணித்தியாலம் ஆகும் ஊர்களில் இருப்பவர்களுக்கு, முன்கூட்டித் தெரிவது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

இங்கே வருவதற்கு என்ன தடை? காசுதானே?

காசுதான், ஆனால் நினைக்கிற இடத்தில் அல்ல.

எல்லோரும் கருவியின் விலையைக் கேட்கிறார்கள். கருவி ஒரு தடவை வரும். குழாய் வைத்த பம்புகளுக்குப் பொதுவாக நான்கு வருட உத்தரவாதம் உண்டு. வெளிநாட்டுச் சொந்தம் சேர்ந்து காசு போட்டால் வாங்கிவிடலாம். ஆனால் மூன்று நாளைக்கு ஒரு செட் என்றால் வருடத்துக்கு 122 செட், அதே அளவு குப்பி. 14 நாள் சென்சர் என்றால் வருடத்துக்கு 26. 10 நாள் சென்சர் என்றால் 37. ஒன்றிரண்டு கழன்று விழும், ஒன்றிரண்டு பிழைக்கும், அதையும் சேருங்கள். இவை ஒவ்வொரு மாதமும், வாழ்நாள் முழுக்க வந்துகொண்டிருக்கவேண்டும். திருவிழாவுக்கு வருபவரின் சூட்கேசை நம்பி ஒரு பிள்ளையைப் பம்பில் விட முடியாது.

இன்சுலினிலும் ஒரு சிக்கல் உண்டு. பம்புக்குள் போவது லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேகமான வகைகள். அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் மனித இன்சுலின்: தெளிந்த சொலுபிள், கலங்கிய ஐசோபேன், இரண்டும் கலந்த மிக்ஸ்ராட். கலங்கிய எதையும் பம்பில் ஊற்றவே கூடாது. ஆக, கருவி கிடைத்த பிறகும் மருந்தைத் தனியாரில் காசு கொடுத்து வாங்கவேண்டி வரலாம்.

இதற்கு மேல், மருத்துவக் கருவி ஒன்றை நாட்டில் விற்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் பதிவு வேண்டும். விற்ற பிறகு சொல்லிக்கொடுக்கத் தெரிந்த நேர்ஸ் வேண்டும். பழுதானால் மாற்றித்தர ஆள் வேண்டும். இங்கிலாந்தில் 2023 டிசெம்பரில், அரச மருத்துவ சேவைக்கு எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்று சொல்லும் நைஸ் அமைப்பு இந்தத் தானியங்கி முறையைப் பரிந்துரைத்தபோது, அவ்வளவு வசதியுள்ள அந்த நாடே ஐந்து வருடத்தில் படிப்படியாகக் கொடுப்பதாகத்தான் திட்டம் போட்டது.

அதனால் என் கருத்து இதுதான்: நாங்கள் கேட்கவேண்டியது பம்பை அல்ல, செட்டையும் சென்சரையும் மாதாமாதம் தரும் ஒழுங்கை. அதிலும் சென்சரை முதலில் கேட்கவேண்டும். பம்ப் இல்லாமல் சென்சர் மட்டும் இருந்தாலே ஊசி போடும் பிள்ளைக்குப் பெரிய உதவி. சென்சர் இல்லாத பம்ப் கண் கட்டிய மாடு மாதிரி.

கனடாவில் இருக்கும் மாமா தன் பழைய பம்பை அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

மாமாவின் அன்பு பெரியது. ஆனாலும் அவசரப்படாதீர்கள். எனக்கும் அப்படி ஒன்று வந்தது. வந்த பெட்டியில் கருவியும் பதினொரு செட்டும் இருந்தன. பதினொரு செட் என்றால் 33 நாள். அந்த வகை செட் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. 33 நாள் என் சீனி இருந்த மாதிரி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. திரும்பவும் ஊசிக்கு வந்த அந்த முதல் கிழமை மிகவும் கஷ்டம். மனம் விட்டுப்போனது.

மாமாவிடம் இவற்றைக் கேளுங்கள்: இதற்குச் செட் இன்னும் தயாரிக்கிறார்களா, எத்தனை மாதத்துக்கு உறுதியாக அனுப்ப முடியும், எந்தச் சென்சரோடு சேரும், உத்தரவாதம் எப்போது முடிந்தது? பெரும்பாலும் உத்தரவாதம் கைமாறாது. பெட்டியைத் திறக்கும் முன்பு உங்கள் டொக்டருக்குச் சொல்லுங்கள். மாமா போட்டிருந்த அளவுகள் அந்தக் கருவிக்குள் அப்படியே இருக்கும். அவற்றை அழிக்காமல் ஒரு துளி கூட விடக்கூடாது.

அங்கே "ஆறு" என்கிறார்கள், இங்கே "நூற்றிப் பத்து" என்கிறார்கள். ஏன்?

கனடாவிலும் இங்கிலாந்திலும் இரத்தச் சீனியை மில்லிமோலில் சொல்வார்கள், நாங்கள் மில்லிகிராமில் சொல்கிறோம். அவர்கள் எண்ணை 18ஆல் பெருக்குங்கள். அவர்களுடைய 6 எங்களுக்கு 108, 10 எங்களுக்கு 180, 3.9 எங்களுக்கு 70. அங்கிருந்து வரும் கருவி மில்லிமோலில் பூட்டியே வரலாம். வீட்டில் எல்லோருக்கும், அப்பம்மா உட்பட, இந்தக் கணக்கு தெரிந்திருக்கவேண்டும்.

வெயிலும் கரண்ட் வெட்டும்?

பம்பில் இருக்கும் இன்சுலின் 37 பாகைக்கு மேல் சூடாகக்கூடாது. சித்திரை, வைகாசி மதிய வெயிலில் சைக்கிளில் போகும் பிள்ளையின் இடுப்பில் அந்தச் சூடு வர அதிக நேரம் எடுக்காது. கருவியைச் சட்டைக்கு உள்ளே, வெயில் நேரே படாமல் வைக்கவேண்டும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போடவே கூடாது. வெயிலில் நின்ற நாளில் காரணம் இல்லாமல் சீனி ஏறினால் குப்பியில் உள்ள மருந்தை மாற்றுங்கள்.

கரண்ட் அவ்வளவு பிரச்சினை இல்லை. சில பம்புகள் சாதாரணப் பற்றரியில் ஓடும், சில போன் மாதிரி சார்ஜ் ஏற்றவேண்டியவை. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்றபோதும் ஒரு பவர் பாங்க் இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். தொண்ணூறுகளில் பற்றரி ஊருக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. என் இன்சுலின் குப்பி ஈர மணல் நிரப்பிய மண்முட்டிக்குள் இருந்தது. 95 ஐப்பசியில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அம்மா அந்த முட்டியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் தென்மராட்சிக்கு நடந்தார். உடைபடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கிணற்றடி, கோயில், சோதனை மண்டபம்?

குழாய் வகையைக் குளிக்கும்போது கழற்றிவைக்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழற்றிவைக்காதீர்கள். ஒட்டும் வகையோடு குளிக்கலாம், ஆனால் வாளியால் அள்ளி ஊற்றும்போது அடிபட்டுக் கழரும். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும் என்பதால் சென்சர் எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பிரதட்டை செய்வதாக நேர்த்தி இருந்தால் கருவியைக் கழற்றிக் கூட வருபவரிடம் கொடுங்கள். கந்தசஷ்டி விரதம் இருப்பவர்கள், நாள் முழுக்கத் துளித்துளியாகப் போகும் பின்னணி இன்சுலினைக் குறைப்பது பற்றி முன்கூட்டியே டொக்டருடன் கதைக்கவேண்டும். விரதம் என்று இன்சுலினை நிறுத்தக்கூடாது.

சோதனை மண்டபத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். போனில் மட்டும் காட்டும் சென்சர் என்றால் சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளைக்குச் சிக்கல். பம்பிலேயே திரை உள்ள வகைதான் மாணவர்களுக்கு நல்லது. எதுவானாலும் டொக்டரின் கடிதத்தோடு அதிபரிடம் மாதக்கணக்கில் முன்பே போங்கள்.

பொம்பிளைப் பிள்ளைக்கு இது வெளியே தெரிந்தால் கலியாணம் பேசுவது கஷ்டமாகாதா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதுவும் மெல்லிய குரலில்.

வயிற்றிலோ தொடையிலோ ஒட்டினால் வெளியே தெரியாது. சேலைக்கும் சுரிதாருக்கும் உள்ளே வைக்க வழி இருக்கிறது. ஆனால் நான் சொல்ல விரும்புவது அதை அல்ல. ஒளிக்கும் பிள்ளை பாடசாலையில் ஊசி போடாமல் விடும். சிநேகிதியின் பிறந்தநாளில் கேக்கும் சாப்பிட்டு, மருந்தும் போடாமல் வரும். கலியாண வீட்டில் வேர்த்து விழுந்தாலும் ஏன் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நான் பதினைந்து வயதில் அப்படி ஒளித்து, இரண்டு தரம் வார்ட்டில் கிடந்தேன். ஒளித்துக் கட்டிக்கொடுத்தால், புகுந்த வீட்டில் முதலாவது இரவிலேயே எந்த அலுமாரிக்குள் ஊசியை வைப்பது என்று அந்தப் பிள்ளை யோசிக்கவேண்டும். பேச்சு தொடங்கும்போதே சொல்லுங்கள். நான் சொன்னேன். இரண்டு வீடு திரும்பிப் போனது, மூன்றாவது வீடு வந்தது.

பிள்ளைப்பேறு பற்றியும் பயப்படுகிறார்கள். சீனியைக் கட்டுக்குள் வைத்தால் பிள்ளை பெறலாம். கர்ப்ப காலத்தில் சீனி 63க்கும் 140க்கும் இடையில் நிற்கவேண்டும் என்பார்கள். ஊசியோடு அது மலை ஏறுவது மாதிரி. காம்ஏபிஎஸ் என்ற தானியங்கி முறையைக் கர்ப்பிணிகளிடம் பரிசோதித்து 2023இல் வெளியிட்ட முடிவில், இந்த அளவுக்குள் நிற்கும் நேரம் கூடியிருந்தது. பம்ப் கொஞ்சம்தான் வரும் என்றால், அது முதலில் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போகவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இடியப்பத்தையும் புட்டையும் பம்புக்கு எப்படிச் சொல்வது?

பம்பு கேட்பது மாச்சத்து எத்தனை கிராம் என்பதை. வெளிநாட்டுப் பட்டியலில் எங்கள் சாப்பாடு சரியாக இருக்காது, நாங்களே அளக்கலாம். அரிசி மாவிலும் கோதுமை மாவிலும் முக்கால் பங்குக்குச் சற்று மேலே மாச்சத்து. அரைக் கிலோ மாவில் ஏறத்தாழ 380 முதல் 400 கிராம். அந்த மாவில் 40 இடியப்பம் பிழிந்தால் ஒன்றுக்கு 10 கிராம் அளவில் வரும். உங்கள் வீட்டுத் தட்டு பெரிதென்றால் எண்ணிக்கை மாறும். ஒரு தரம் தராசில் வைத்துப் பார்த்து அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். புட்டில் தேங்காய்ப்பூ கூடினால் சீனி ஆறுதலாக ஏறி, நீண்ட நேரம் நிற்கும். அதைப் பழகத்தான் வேண்டும். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் பழத்தையும் எண்ணுங்கள், தவிர்க்கத் தேவையில்லை.

அப்பாவுக்கு இரண்டாம் வகை. அவருக்கும் பம்ப் தேவையா?

பெரும்பாலும் இல்லை. நிறைய இன்சுலின் போடும் இரண்டாம் வகைக்காரருக்கும் அமெரிக்காவில் 2024இல் ஒம்னிபொட் 5க்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் குளிசையும் நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் அவருக்குச் செய்வதைப் பம்ப் செய்யாது.

பம்ப் நின்றுபோனால்?

இதைத் தெரியாமல் யாரும் பம்ப் போடக்கூடாது. ஊசி போடுபவரின் உடம்பில் நீண்ட நேரம் வேலைசெய்யும் இன்சுலின் இருப்பில் நிற்கும். பம்ப் போட்டவருக்கு அந்த இருப்பு இல்லை. குழாய் மடிந்தாலோ கழன்றாலோ சில மணித்தியாலத்தில் கீற்றோன் ஏறத் தொடங்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல். கவனிக்காவிட்டால் உயிராபத்து.

காரணம் இல்லாமல் சீனி 250ஐத் தாண்டி, ஒரு மணித்தியாலம் கழித்தும் இறங்கவில்லை என்றால் பம்பை நம்பவேண்டாம். டொக்டர் சொல்லித்தந்த அளவைச் சாதாரண ஊசியால் போடுங்கள், செட்டைப் புதிதாக மாற்றுங்கள், கீற்றோனைப் பாருங்கள். வாந்தி இருந்தால் வீட்டில் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசியும் குப்பியும் எப்போதும் பையில் இருக்கவேண்டும். அண்ணாவின் மகள் பம்ப் போட்டு ஆறு வருடம், இன்றைக்கும் அவள் பாடசாலைப் பைக்குள் ஊசி இருக்கிறது.

பம்ப் வரும் வரைக்கும் என்ன செய்யலாம்? வெளிநாட்டில் இருந்து வருபவரிடம் என்ன கேட்கலாம்?

மாச்சத்து எண்ணப் பழகலாம். ஒரு யூனிற் எத்தனை கிராம் மாச்சத்துக்குப் போதும், அது உங்கள் பிள்ளையின் சீனியை எவ்வளவு இறக்கும் என்று டொக்டரோடு சேர்ந்து கண்டுபிடிக்கலாம். பம்ப் வரும் நாளில் அதற்கும் இந்த இரண்டு எண்ணும் தேவை. ஒரு கொப்பியில் நேரம், சீனி, சாப்பாடு, யூனிற் என்று நான்கு கோடு போட்டு இரண்டு கிழமை எழுதுங்கள். டொக்டருக்கு அதுவே பெரிய உதவி.

வருபவரிடம் சொக்லேட்டுக்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள்: மீற்றருக்கான ஸ்ரிப், அதுவும் இங்கே நீங்கள் வைத்திருக்கும் மீற்றருக்குப் பொருந்துவது. பிறகு கீற்றோன் ஸ்ரிப். அதன் பிறகு சென்சர், காலாவதித் திகதி பார்த்து, உங்கள் போனில் அது வேலைசெய்யுமா என்று முதலே விசாரித்து. பயணத்தில் சென்சரைச் சூட்கேசில் போடாமல் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.